வாய் கோணினால் முதலில் மணியைப் பாருங்கள்

பக்கவாதம் வந்து கை கால் விழுந்துவிட்டது என்றால் நம் பக்கத்தில் எல்லாரும் அந்தக் கையையும் காலையும்தான் பிடித்துத் தேய்க்கிறார்கள். எண்ணெய் காய்ச்சுகிறார்கள், புறா ரத்தம் தேடி ஆள் அனுப்புகிறார்கள். ஆனால் கையில் ஒரு பழுதும் இல்லை. அந்தக் கைக்கு உத்தரவு போடும் மூளைப் பகுதியில்தான் பழுது. அங்கே ரத்தம் போகாமல் நின்றிருக்கும். அல்லது குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலக் கையும் வலக் காலும் விழும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடப்பக்க மூளையில் இருப்பதால் அதுவும் சேர்ந்து போகும். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை செல்கள் சாகின்றன. எண்ணெய் காய்ச்சித் தேய்த்து முடிக்கும் அரை மணி நேரத்தில் ஐந்தரைக் கோடிக்கு மேல் போய்விடும்.

நம் ராமநாதபுரம் கரைக்கு இந்த நோயில் இரண்டு கூடுதல் சிக்கல்கள் உண்டு. ஒன்று தூரம். இன்னொன்று, காரணங்கள் பலவும் நம் சாப்பாட்டிலும் தொழிலிலும் கலந்து கிடப்பதால் யாரும் அவற்றைக் காரணமாகவே எண்ணுவதில்லை. இரண்டையும் விவரமாக எழுதுகிறேன்.

கண்டுபிடிப்பது

சந்தேகம் வந்தால் ஆளை உட்கார வைத்து மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்க உதடு ஏறாமல் நின்றால் முகம் விழுந்திருக்கிறது. உள்ளங்கை வானம் பார்க்க இரண்டு கையையும் நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை தானாகப் புரண்டு கீழே இறங்கினால் அந்தப் பக்கம் பலம் போயிருக்கிறது. பிறகு ஊர்ப் பெயரையும் இன்றைய கிழமையையும் சேர்த்து ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். நாக்கு குழறினாலும், சம்பந்தமில்லாத சொற்கள் வந்தாலும், நாம் கேட்டதே புரியாமல் விழித்தாலும் பேச்சில் அடி விழுந்திருக்கிறது. மூன்றில் ஒன்று தவறினால் போதும், புறப்பட வேண்டியதுதான்.

இந்தச் சோதனையில் அகப்படாத பக்கவாதமும் உண்டு. பின்மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் கை கால் நன்றாகவே இருக்கும். ஆனால் திடீரென்று தலை கிறுகிறுக்கும்; நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளும்; ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரியும்; தண்ணீர் குடித்தால் புரையேறும். இதைத்தான் 'பித்தம்' என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். கடலிலிருந்து வந்த மனிதர் தள்ளாடினால் குடித்திருக்கிறார் என்று விட்டுவிடுகிறோம். குடித்திருப்பவருக்கும் பக்கவாதம் வரும், இன்னும் சொல்லப்போனால் அவருக்கு வாய்ப்பு அதிகம். பிரஷரோ சுகரோ உள்ளவர் திடீரெனத் தலைசுற்றி எழுந்து நிற்கவே முடியாமல் போனால், அதைப் பக்கவாதமாகவே எடுத்துக்கொண்டு வண்டி ஏற்றுங்கள். வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனாலும் அதே அவசரம்தான். மூளையின் ரத்தக்குழாயில் இருந்த கொப்புளம் வெடித்தால் இப்படித்தான் வரும். அப்போதும் கை கால் நன்றாக இருக்கலாம்.

பத்து நிமிடம் கை மரத்து, வாய் குழறி, பிறகு தானாகச் சரியாகிவிட்டால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நிம்மதிதான். ரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்து, கரைந்து நகர்ந்திருக்கிறது. அதை அனுப்பிய இடம், இதயமோ கழுத்துக் குழாயோ, அப்படியே இருக்கிறது. பெரிய அடைப்பு வரும் ஆபத்து அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். ஆகவே அன்றைக்கே போய் மூளை ஸ்கேன், ஈ.சி.ஜி., கழுத்துக் குழாய் ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தாக வேண்டும். 'சரியாயிருச்சே, திங்கட்கிழமை போவோம்' என்று தள்ளக் கூடாது.

கடிகாரமும் தூரமும்

அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. அல்டிப்ளேஸ் என்ற அந்த மருந்தை அமெரிக்காவில் 624 பேரிடம் சோதித்து 1995இல் வெளியிட்ட ஆய்வில் 3 மணி நேரத்துக்குள் போட்டவர்கள் ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ தப்பும் வாய்ப்பு கூடியது. 2008இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை 4½ மணி நேரமாக நீட்டியது. அந்த எல்லைக்குள்ளும் முந்திப் போட்டால் பலன் அதிகம். உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 54 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றி, மீதியை ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்தை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். போட்டுவிட்டு வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய நிலையில் இது பெரிய வசதி. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை உருவி எடுக்கும் சிகிச்சையும் உண்டு. அதற்குப் பொதுவாக 6 மணி நேரம். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி மிச்சம் இருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்வார்கள்.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், மதுரை சுமார் 170 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நின்று நெரிசலான நாளாக இருந்தால் மண்டபம் தாண்டுவதற்கே நேரம் போகும். தங்கச்சிமடத்தில் காலை 8 மணிக்கு வாய் கோணியவரை 10 மணி வரை வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, நேரே மதுரைக்கு ஏற்றினால் போய்ச் சேரும்போது மணி ஒன்றைத் தாண்டும். சீட்டுப் போட்டு, ஸ்கேன் எடுத்து, ரத்தம் பார்ப்பதற்கு முன்பே, 12.30க்கே 4½ மணி நேரக் கதவு சாத்தியிருக்கும். அதே ஆளை 8.15க்கு ஏற்றி, 9.30க்குள் ராமநாதபுரத்தில் சி.டி. ஸ்கேன் எடுக்க முடிந்தால் கதை வேறு.

ஆகவே நல்லா இருக்கும்போதே ஒரு வேலையைச் செய்து வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து பக்கத்தில் எந்த மருத்துவமனையில் 24 மணி நேரமும் சி.டி. எடுக்கிறார்கள், எங்கே கட்டி கரைக்கும் ஊசி கையிருப்பில் இருக்கிறது, இரவில் போட ஆள் இருக்கிறாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். 2022இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்தே விசாரிப்பைத் தொடங்கலாம். சாயல்குடி, மூக்கையூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தூத்துக்குடித் திசையும் இருக்கிறது. தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கத்தார் சிவகங்கைத் திசையையும் விசாரித்து வைக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி எது என்பது இரண்டாவது கேள்வி. முதல் ஸ்கேன் எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்பதே முதல் கேள்வி.

108க்குக் கூப்பிடும்போது 'மயக்கம்' என்று சொல்லாமல் 'பக்கவாதம், இத்தனை மணிக்கு வந்தது' என்று சொல்லுங்கள். முன்கூட்டித் தகவல் போனால் ஸ்கேன் அறை தயாராக இருக்கும்.

நேரம் என்று நான் சொல்வது அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம். நீங்கள் விழுந்ததைப் பார்த்த நேரத்தைச் சொன்னால் கணக்குத் தப்பிவிடும். ராத்திரி 10 மணிக்கு நல்லபடியாகப் படுத்தவர் காலை 5 மணிக்குக் கை வராமல் எழுந்தால் கணக்கு 10 மணியிலிருந்து ஓடும். இடையில் 3 மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்து மனைவியிடம் நன்றாகப் பேசியிருந்தால் கணக்கு 3 மணியிலிருந்து. அந்த ஒரு தகவல் ஊசியைக் கிடைக்க வைக்கலாம். நேரமே தெரியாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போட வழி உண்டு. ஆகவே 'நேரமாகிவிட்டது' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அந்த நேரத்தைக் கண்ணால் பார்த்தவரே வண்டியில் கூடப் போக வேண்டும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, காலி அட்டைகள், ஆதார், காப்பீட்டு அட்டை, தோராயமான எடை இவ்வளவும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஊசி போடலாமா கூடாதா என்பதே அதில் தொங்குகிறது.

கடலில் இருக்கும்போது வந்தால்? விசைப்படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. வலையை இழுத்து முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று இருக்காதீர்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் நெஞ்சுக்குள் போகாது. எந்தத் துறைக்கு வருகிறோம் என்பதைக் கரைக்குச் சொல்லி, 108 வண்டியை அங்கே நிற்க வையுங்கள். படகு கட்டிய பிறகு வண்டி தேடினால் இன்னொரு முக்கால் மணி நேரம் வீண்.

வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. தண்ணீர், காப்பி, கஞ்சி, மாத்திரை எதுவும். பக்கவாதத்தில் தொண்டையும் பாதியாக விழுந்திருக்கலாம். குடிப்பது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்தே பலர் பிறகு இறக்கிறார்கள். ஆஸ்பிரின் கொடுத்தால் நல்லது என்று நெஞ்சுவலிக்குக் கேள்விப்பட்டதை இங்கே கொண்டுவராதீர்கள். வெடித்த குழாயாக இருந்தால் அது ரத்தக் கசிவைக் கூட்டும். பிரஷர் 200 இருக்கிறதே என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அவசரமாக இறக்குவதும் தவறு. அடைப்பு இருக்கும்போது மூளை மிச்சமிருக்கும் சந்து பொந்து வழியாக ரத்தத்தை இழுத்துக்கொள்ள அந்த அழுத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஊசி போடுவதாக இருந்தால் 185/110க்குக் கீழே மெதுவாகக் கொண்டுவருவார்கள். போடவில்லை என்றால் 220/120 வரைகூட முதல் நாள் விட்டுவைப்பது உண்டு. அதை ஸ்கேன் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும். மந்திரிப்பது, ஓதி ஊதுவது, நேர்ச்சை எல்லாம் ஆள் ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு செய்துகொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

அடைப்பா, வெடிப்பா

நூறு பேரில் ஏறக்குறைய 80 முதல் 85 பேருக்கு அடைப்பு. மீதிப் பேருக்கு வெடிப்பு. வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அடைப்புக்குப் போடும் ஊசியை வெடிப்புக்குப் போட்டால் உயிர் போகும். அதனால்தான் சி.டி. இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பதில் எந்தப் பலனும் இல்லை. சர்க்கரை இறங்காதவருக்கு அந்தக் குளுக்கோஸ் கெடுதலும்கூட.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். 'சி.டி.யில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க' என்று சொல்லி ஆளைத் திரும்ப அழைத்து வருபவர்கள் இருக்கிறார்கள். கசிந்த ரத்தம் சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும். ஆனால் அடைப்பால் சாகும் மூளை முதல் சில மணி நேரம் சி.டி.யில் சாதாரணமாகவே தெரியலாம். கை விழுந்திருக்கிறது, சி.டி. சுத்தமாக இருக்கிறது என்றால், 'வெடிப்பு இல்லை, ஊசிக்கு வழி இருக்கிறது' என்று பொருள். அந்த நிமிடத்தில்தான் ஊசி பற்றிக் கேட்க வேண்டும். ஊசியிலும் ஆபத்து உண்டு. அந்த 1995 ஆய்வில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்தது. அதையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். ஆனால் பயத்தால் கையெழுத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் பலன் குறையும், ஆபத்து கூடும்.

எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் பிரஷர். இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கும் அதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. மூளையின் ஆழத்துக்குப் போகும் முடி போன்ற குழாய்கள் பெரிய குழாயிலிருந்து நேரடியாகப் பிரிகின்றன; அதனால் முழு அழுத்தமும் அவற்றின் மேல் விழுகிறது. 140/90க்கு மேல் வருடக்கணக்கில் ஓடினால் சில குழாய்கள் சுவர் தடித்து அடைத்துக்கொள்ளும், சில இற்றுப்போய் வெடிக்கும். ஒரே பிரஷர்தான் இரண்டு விதப் பக்கவாதத்தையும் கொண்டுவருகிறது. மேல் அளவை 10 குறைத்தாலே பக்கவாத ஆபத்து சுமார் கால் பங்கு குறைகிறது.

பிரஷர் வலிக்காது. தலைவலித்தால்தான் பிரஷர் என்று நினைத்து, வலிக்காத நாளில் மாத்திரையை விடுவதுதான் நான் பார்ப்பதிலேயே பொதுவான தவறு. அளந்து பார்த்து 130/80 வந்ததும், 'நார்மலுக்கு வந்துருச்சு' என்று நிறுத்துவது அடுத்தது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலில் நிற்கிறது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். நீர் மாத்திரை அடிக்கடி ஒன்றுக்குப் போக வைப்பதால் படகில் இருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் மாற்று மாத்திரை இருக்கிறது. சொன்னால் மாற்றித் தருவார்கள்; சொல்லாமல் நிறுத்தினால் மருத்துவருக்குத் தெரியப்போவதில்லை. கடலில் தங்கி வருபவர்கள் ஒரு அட்டையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர்கள் வரும் நேரத்தில் ஆண்கள் கடலில் இருந்தால் வீட்டுப் பெண்கள் வாங்கி வைக்கலாம்.

வீட்டில் அளப்பவர்கள், அரை மணி நேரத்துக்கு முன்னால் டீயும் பீடியும் வேண்டாம். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. கையைத் தொங்கவிட்டு அளந்தால் கூடுதலாகக் காட்டும். சட்டைக்கு மேலே பட்டையைச் சுற்றினாலும் அளவு தப்பும்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கும் மாவட்டம் இது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது, ஒரு டீஸ்பூன். உப்பு அடித்துக் காயவைத்த கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உப்பு இருப்பது சாதாரணம். 50 கிராம் கருவாடு சாப்பிட்டால் அன்றைய உப்பு முடிந்தது; பிறகு குழம்பில், சோற்றில், ஊறுகாயில், அப்பளத்தில் போவதெல்லாம் மிகை. கருவாட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, யாரும் விடப்போவதும் இல்லை. உப்பிடாமல் மணலில் காயவைத்த நெத்திலிக்கும் உப்பு அடித்த சீலாவுக்கும் திருக்கைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். உப்புக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்து எடுங்கள், அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். கருவாடு உள்ள அன்று ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். கடற்கரை ஊற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதிலும் சோடியம் உண்டு. வங்கதேசக் கடற்கரையில் உவர்ப்பான குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடிக்கவும் சோறு வடிக்கவும் காவிரித் தண்ணீரை ஒதுக்கி வைத்து, ஊற்றுத் தண்ணீரைப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், சாதாரண உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இங்கும் அத்தகைய உப்பு கடைகளில் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

சுகர், கொழுப்பு, பீடி, வாயில் அடக்கும் புகையிலை பற்றி எல்லாரும் கேட்டிருப்பீர்கள். மூன்று வரி போதும். இவை கழுத்துக் குழாயிலும் மூளைக் குழாயிலும் படிமத்தைச் சேர்க்கும். படிமம் உடைந்தால் அங்கே கட்டி உருவாகிப் பாயும். பீடியை விட்ட சில வருடங்களில் ஆபத்து வெகுவாக இறங்கும். கடலிலிருந்து வந்த அன்று மொத்தமாகக் குடிப்பது பிரஷரை ஏற்றுவதோடு இதயத் துடிப்பையும் தாறுமாறாக்கும்.

அந்தத் தாறுமாறான துடிப்பு தனிக் காரணம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். இதயத்தின் மேலறை சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கும். தேங்கிய ரத்தம் அங்கே உறைந்து கட்டியாகி மூளைக்கு ஏறும். பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு கூடும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள்; ஒழுங்கே இல்லாமல் அடித்தால் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நாற்பது வயதுக்குள் வரும் பக்கவாதத்தில் நம் ஊரில் ருமாட்டிக் வால்வு நோயை மறக்கக் கூடாது. சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். இவர்களுக்கு அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. மாதம் ஒரு முறை பார்க்காமல் அதே அளவைச் சாப்பிட்டுக்கொண்டே போவது இரண்டு பக்கமும் ஆபத்து. அதற்குப் பதில் ஆஸ்பிரின் போதும் என்று நீங்களே மாற்றிக்கொள்ளவும் கூடாது.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் வாதம் பற்றி நம் பக்கத்தில் போதிய பேச்சே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். அந்த நேரத்தில் பத்தியம் என்று தண்ணீரையும் அளந்து கொடுத்தால், வெயில் காலமும் சேர்ந்துகொண்டால், மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைக்குழாய் உறைந்து அடைக்கும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, பிறகு ஒரு பக்கம் கை கால் விழுவது. 'காத்து கருப்பு' என்று பார்க்கப் போவதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து ரத்தம் உறையாமல் மருந்து கொடுத்தால் இவர்களில் பெரும்பாலானோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். பாட்டிமார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பத்தியச் சாப்பாடு உங்கள் விருப்பம், தண்ணீரை மட்டும் பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய அளவு கொடுங்கள்.

கடைசியாக, கடலுக்கு அடியில் வரும் வாதம். மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு சங்குக்கு இறங்குபவர்களுக்குத்தான் அதிகம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய வாங்கிய காற்றை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்து, ரத்தத்துக்குள் குமிழியாகப் புகுந்து மூளைக்கு ஏறிவிடும். மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் மயக்கம், ஒரு பக்கம் விழுவது, பார்வை போவது வரும். நெடுநேரம் கீழே இருந்துவிட்டு ஏறுபவர்களுக்கு ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி முதுகுத்தண்டைத் தாக்கும். இரண்டு காலும் மரத்து, சிறுநீர் நின்றுவிடும். 'மறுபடி கீழே இறக்கினால் சரியாகிவிடும்' என்று இறக்குவது கொலைக்குச் சமம். மல்லாக்கப் படுக்க வைத்து, ஆக்சிஜன் கிடைத்தால் முழு அளவில் கொடுத்து, கம்ப்ரசரில் மூழ்கியவர் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்குக் கட்டி கரைக்கும் ஊசி சிகிச்சை அல்ல. அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். போலீசுக்குப் பயந்து மறைத்தால் தவறான சிகிச்சைதான் கிடைக்கும். கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு விஷமும் சேர்ந்துகொள்ளும்.

பக்கவாதம் போலவே தெரிபவை

சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் விழும், பேச்சு குழறும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ரமலான் நோன்பு வைப்பவர்கள் வழக்கமான சுகர் மாத்திரையை அப்படியே சஹரில் போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பட்டினி இருந்தால் இது நடக்கலாம். நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் போய் மாத்திரையை மாற்றி எழுதி வாங்குங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், வண்டி வருவதற்குள் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள். 70க்குக் கீழே இருந்து, ஆள் நல்ல நினைவோடு தெளிவாக விழுங்கினால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். நினைவு தடுமாறினால் வாயில் ஊற்றக் கூடாது, ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இரண்டு கண் இமையும் தொங்கி, விழுங்க முடியாமல் போனால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கடித்த இடத்தில் வலியும் இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. பக்கவாதத்தில் பொதுவாக ஒரு பக்கம். இதில் இரண்டு பக்கமும். வலிப்பு வந்து ஓய்ந்த பிறகும் சில மணி நேரம் ஒரு கை விழுந்து கிடக்கலாம். இவற்றில் எதுவானாலும் ஓட வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான் என்பதால் வீட்டில் பிரித்துப் பார்த்து நேரம் போக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

விழுங்கும் சோதனை செய்து மருத்துவமனையில் 'வாயால் கொடுக்கலாம்' என்று சொன்ன பிறகே வாயால் கொடுங்கள். நேராக உட்கார வைத்து, கூழ் பதத்தில், சின்னக் கரண்டியால், விழாத பக்கமாக. தண்ணீர் போல் ஓடுவதைவிடக் கெட்டியானது பத்திரம். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வைக்கும். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்பட்டை நழுவி, ஆயுசுக்கும் வலி நிற்கும். இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். எண்ணெய் தேய்ப்பதால் மூளை திரும்பாது, ஆனால் கெடுதலும் இல்லை. இழுத்து முறுக்காமல் தேய்த்தால் சரி. திரும்பக் கொண்டுவருவது பயிற்சிதான். முதல் மூன்று மாதம் பலன் வேகமாக வரும், ஆறு மாதம் வரை நன்றாக வரும், அதற்குப் பிறகும் மெதுவாக வரும். வாரம் ஒரு முறை பிசியோதெரபி அறையில் செய்வதைவிட, அங்கே கற்றதை வீட்டில் தினம் மூன்று நான்கு வேளை செய்வதில்தான் பலன். சட்டைப் பித்தான் போடுவது, டம்ளர் பிடிப்பது, வலைக் கயிற்றில் முடிச்சுப் போடுவது எல்லாம் பயிற்சிதான்.

அடைப்பு வந்தவருக்கு ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ, கூடவே கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை. இவை பெரும்பாலும் ஆயுள் முழுக்க. சின்ன அடைப்பு என்றால் முதல் 21 நாள் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, பிறகு ஒன்றை நிறுத்துவது வழக்கம். எதை, எந்தத் தேதியில் நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். பல் பிடுங்க, ஆபரேஷன் செய்யப் போகும் இடத்தில் 'மாத்திரையை நிறுத்திட்டு வாங்க' என்றால், எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில நாளில் இரண்டாவது அடைப்பு வந்து பேச்சே போனவர்கள் உண்டு.